எழுந்திருக்க ஒரு கடிகாரம்

வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று டைமர் வைத்துக்கொண்டு வேலை செய்யும் ‘பொமோடோரோ’ முறையைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்களில் பாதி சண்டைக்கு வந்தவை. சண்டைக் கடிதத்திலிருந்தே தொடங்கலாம்.

*

அக்கா, நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். நீங்கள் சொன்னபடி டைமர் வைத்துப் பார்த்தேன். முதல் 15 நிமிடம் மனசு எங்கெங்கோ ஓடுகிறது. ஒருவழியாகப் பாடத்துக்குள் நுழைந்து, கணக்கு பிடிபடுகிற நேரத்தில் மணி அடித்துவிடுகிறது. எழுந்துபோய் வந்து உட்கார்ந்தால் மறுபடி முதலிலிருந்து. இது படிக்கிற வழியா, படிப்பைக் கெடுக்கிற வழியா?

– தேர்வுக்குத் தயாராகும் மாணவி

டைமரைத் தூக்கிப் போட வேண்டாம், தங்கச்சி. முள்ளைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள். 25 என்பது யாரும் ஆய்வுக்கூடத்தில் அளந்து சொன்ன எண் இல்லை. 1980களின் பிற்பகுதியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற கல்லூரி மாணவருக்கும் உன் பிரச்சினைதான். புத்தகம் திறந்திருக்கும், மனசு அதில் இருக்காது. ‘10 நிமிடம், உண்மையாகவே படிக்க முடியுமா உன்னால்?’ என்று தன்னிடமே பந்தயம் கட்டி, தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை எடுத்து முறுக்கி வைத்தார். முறையின் பெயரே அந்தத் தக்காளிதான். அப்புறம் பல அளவுகளை வைத்துப் பார்த்துவிட்டு 25-இல் வந்து நின்றார். 20 முதல் 35 வரை, மிஞ்சினால் 40 நிமிடம் வரை இருக்கலாம் என்று அவரே இடம் கொடுத்திருக்கிறார். நான்கு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு.

உனக்கான அளவை நீயே கண்டுபிடிக்கலாம். டைமர் இல்லாமல் உட்கார்ந்து படி. ஒரே வரியை இரண்டாம் முறை படிக்கிறோம் என்று தெரிந்த உடனே மணியைப் பார்த்துக் குறித்து வை. நாலைந்து முறை குறித்தால் ஒரு எண் தெரியும். அதற்குச் சற்று முன்பாக மணி அடிக்கும்படி வை. கணக்குக்கு ஒரு எண்ணும், மனப்பாடத்துக்கு வேறு எண்ணும் வந்தால் ஆச்சரியப்படாதே. என்னைக் கேட்டால் மனப்பாடத்துக்கு 20-ஏ அதிகம்.

அளவு எதுவானாலும், எப்போது எழுந்திருப்பது என்பதை உட்காரும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இந்த முறையில் நான் விட்டுக்கொடுக்காத இடம் இது ஒன்றுதான். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சில மாணவர்களை 24 நிமிடம் படிப்பு, 6 நிமிடம் ஓய்வு என்றும், சிலரை 12 நிமிடம் படிப்பு, 3 நிமிடம் ஓய்வு என்றும் உட்கார வைத்தார்கள். மூன்றாவது கூட்டத்தை ‘தோன்றும்போது எழுந்துகொள்ளுங்கள்’ என்று விட்டுவிட்டார்கள். தோன்றும்போது எழுந்தவர்கள் அதிக நேரம் உட்கார்ந்தார்கள், ஓய்வையும் நீளமாக எடுத்தார்கள், களைப்பும் கவனச்சிதறலும் அவர்களுக்குத்தான் கூடுதல். செய்து முடித்த வேலையோ மற்றவர்கள் அளவுதான். களைத்துப்போன தலையிடமே போய் ‘களைப்பாக இருக்கிறதா?’ என்று கேட்டால் அது எப்படி ஒழுங்காகப் பதில் சொல்லும்?

கணக்கு பிடிபடும் நேரத்தில் மணி அடித்தால், எழுந்திருக்கும் முன் ஒரே ஒரு வரி எழுது. ‘அடுத்து இரண்டாவது சமன்பாட்டில் எக்ஸை மாற்றிப் போட வேண்டும்’ என்கிற மாதிரி, அடுத்து கை என்ன செய்யப் போகிறதோ அதை. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதிய கட்டுரையின் சாரம் இது: ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போனால், கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த ஒட்டுதலைத் தாளில் இறக்கி வைத்துவிட்டால் ஓய்வும் ஓய்வாக இருக்கும், திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம்.

முதல் 15 நிமிடம் மனசு ஓடுவதற்கு மணி என்ன செய்யும்? ‘படிக்கணும்’ என்று உட்கார்ந்தால் மனசு ஓடத்தான் செய்யும். ‘தனிவட்டி, 11 முதல் 20 வரையுள்ள கணக்குகள்’ என்று எழுதி, பக்கத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி வைத்த பிறகு டைமரை முறுக்கு.

*

வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். 25 நிமிடம் பிரச்சினையில்லை. அந்த 5 நிமிடம்தான் அரை மணி ஆகிவிடுகிறது. கைப்பேசியை எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை.

– வாசகர் ஒருவர்

ஓய்வுக்கும் டைமர் வையுங்கள். டைமர் கைப்பேசியில் இருக்கக் கூடாது. இதற்கு மேல் சொல்லத் தேவையில்லைதான், ஆனால் ஓய்வு என்று எதைச் சொல்கிறோம் என்பதில் பலருக்கும் குழப்பம் இருப்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.

நாள் முழுக்கத் திரையில் எழுத்தைப் படிக்கிறீர்கள். ஓய்வு என்று அதைவிடச் சின்னத் திரையில் அதைவிடச் சின்ன எழுத்தைப் படிக்கிறீர்கள். தாகத்துக்கு உப்புத் தண்ணீர் குடிக்கிற கதை இது. கண்ணுக்கும் வேலை, தலைக்கும் வேலை, உடம்பு அதே நாற்காலியில். திரையைப் பார்க்கும்போது நாம் கண் இமைப்பதே குறைந்துவிடுகிறது. கண் மருத்துவர்கள் சொல்லும் ‘20-20-20’ இதற்காகத்தான்: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் இருக்கும் எதையாவது, 20 விநாடி பார்ப்பது.

சும்மா இருப்பதற்கு இருக்கும் மதிப்பு நமக்குத் தெரிவதில்லை. எடின்பரோவில் மிகைலா டியூவரும் அவருடைய குழுவினரும் செய்து 2012-இல் வெளியிட்ட சோதனை எனக்குப் பிடித்தமானது. வயதானவர்களுக்கு இரண்டு சிறு கதைகளைக் கேட்க வைத்தார்கள். ஒரு கதைக்குப் பிறகு 10 நிமிடம் இருட்டறையில் கண்மூடி உட்காரச் சொன்னார்கள். மற்றொரு கதைக்குப் பிறகு, இரண்டு படங்களுக்கு இடையே வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டைக் கொடுத்தார்கள். சும்மா உட்கார்ந்ததற்கு முன் கேட்ட கதைதான் நன்றாக நினைவில் நின்றது, ஏழு நாள் கழித்துக் கேட்டபோதும். வெறும் படவிளையாட்டே நினைவை இப்படித் தள்ளிவிடுமென்றால், நீங்கள் விரலால் தள்ளிக்கொண்டே போகும் காணொளிகள் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எழுந்து நில்லுங்கள். வேறு அறைக்குப் போங்கள். சன்னலுக்கு வெளியே பாருங்கள். உலர்ந்த துணியை மடித்து வையுங்கள். ஒன்று கவனித்துக்கொள்ளுங்கள், 5 நிமிடத்தில் முடியாத எதையும் ஓய்வில் தொடங்கக் கூடாது. கோபமான மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதும் அந்தப் பட்டியலில் உண்டு.

*

எந்த ஆப் நல்லது?

– சுருக்கமாகக் கேட்கும் வாசகர்

முறுக்கி வைக்கும் கடிகாரம். ஆப்தான் வேண்டுமென்றால் மணி அடிப்பதைத் தவிர வேறெதுவும் செய்யத் தெரியாத ஆப். கைப்பேசியைத் தொடாமல் இருந்தால் திரையில் மரம் வளர்க்கிறேன், பதக்கம் தருகிறேன் என்பதெல்லாம் சிலருக்கு உதவுகிறது, மறுக்கவில்லை. நான் அந்த மரத்தை எட்டிப் பார்க்கவே அடிக்கடி கைப்பேசியை எடுக்கிற ஆள். ஆனால் முறுக்கும் கடிகாரத்தின் டிக் டிக் சத்தம் பக்கத்து நாற்காலிக்காரரைப் படுத்தும், அலுவலகத்துக்கு மட்டும் வேண்டாம்.

*

அம்மா, எங்கள் அலுவலகத்தில் 25 நிமிடம் யாரும் தொந்தரவு செய்யாமல் இருந்தால் அது விடுமுறை நாளாகத்தான் இருக்கும். மேலாளர் கூப்பிடுவார், பக்கத்தில் இருப்பவர் சந்தேகம் கேட்பார், குழு அரட்டையில் என் பெயரைப் போட்டு அழைப்பார்கள். டைமர் வைத்தால் அது அடிப்பதற்குள் நாலு பேர் வந்துவிடுகிறார்கள். எனக்கு இந்த முறை சரிப்படுமா?

– கணக்குப் பிரிவில் பணியாற்றும் வாசகி

நாள் முழுக்கச் சரிப்படாது. தொலைபேசியை எடுப்பதே வேலை என்று இருப்பவர்களுக்கும், வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் இருக்கையில் இருப்பவர்களுக்கும் இதைச் சிபாரிசு செய்யவே மாட்டேன். உங்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு சுற்று கிடைத்தால் போதும். கணக்கு நேர்செய்வது போன்ற, நடுவில் விட்டால் முதலிலிருந்து கூட்ட வேண்டிய வேலையை அதில் வையுங்கள்.

அதற்கு முன் ஒரு வாரம் வேவு பாருங்கள். சிரில்லோ இதற்கு ஒரு எளிய வழி வைத்திருக்கிறார். தாளில் வேலையின் பெயருக்குப் பக்கத்தில், உங்கள் மனசே கிளப்பிய தடங்கலுக்கு, வரிக்குச் சற்று உயரத்தில் ஒரு சின்னக் காற்புள்ளி, வெளியாள் கொண்டுவந்த தடங்கலுக்கு ஒரு சிறு கோடு. குறி போட்டுவிட்டு வேலையைத் தொடர வேண்டியதுதான். ‘மின்சாரக் கட்டணம் கட்டினோமா?’ என்று திடீரென்று தோன்றுகிறதா? காற்புள்ளி போட்டு, தாளின் ஓரத்தில் ‘மின்கட்டணம்’ என்று எழுதி, மேலே போங்கள். வாரக் கடைசியில் தாளைப் பார்த்தால் பலருக்கும் காற்புள்ளிகள் கோடுகளைவிட அதிகமாக இருக்கும். மேலாளர் மேல் போட்ட பழியில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கலாம்.

நேரில் வந்து நிற்பவரிடம் என்ன சொல்வது? ‘இதோ இதை முடித்துவிட்டு 20 நிமிடத்தில் நானே வருகிறேன்’ என்று நேரத்தோடு சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குப் போயும் நில்லுங்கள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றால் அவர் ஐந்து நிமிடத்தில் மறுபடி வருவார், அது அவர் தப்பில்லை. நீங்கள் நாலு முறை சொன்னபடி போய் நின்றால், ஐந்தாம் முறை அவரே ‘எத்தனை மணிக்கு வரட்டும்?’ என்று கேட்பார். மேலாளர் அழைத்து, அது நிஜமாகவே அவசரம் என்றால், டைமரை நிறுத்திவிட்டுப் போய்விடுங்கள். அந்தச் சுற்று செல்லாது. மிச்சமிருந்த 9 நிமிடத்தை வந்து முடிப்பது என்றெல்லாம் கிடையாது, புதிதாகத் தொடங்க வேண்டும். கறாரான விதிதான். அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று கணக்கு வைக்க ஆரம்பித்தால் பத்தே நாளில் எல்லாமே அரைச் சுற்றாகிவிடும் என்பதால் இதை ஆதரிக்கிறேன்.

அப்புறம், தடங்கலால் வேலை தாமதமாகிறது என்றுதான் எல்லாரும் குறைப்படுகிறோம். குளோரியா மார்க் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இடையூறுக்கு ஆளானவர்கள் வேலையைக் கூடுதல் வேகத்தில் முடித்தார்கள். அதற்கு விலையாக மன அழுத்தமும் எரிச்சலும் ஏறியிருந்தன. நாலு பேர் வந்துபோன பின்பும் நீங்கள் மாலையில் கணக்கை முடித்துக் கொடுத்துவிடுகிறீர்கள் அல்லவா? அதனால்தான் உங்கள் மேலாளருக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரிவதில்லை. வீட்டுக்குப் போன பிறகு உங்கள் முகத்தைப் பார்ப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

*

நான் மென்பொருள் எழுதுகிறவன். நல்ல ஓட்டத்தில் இருக்கும்போது மூன்று மணி நேரம் போவதே தெரியாது. மூளை 90 நிமிடச் சுழற்சியில் இயங்குகிறது என்கிறார்கள், 52 நிமிடம் வேலை 17 நிமிடம் ஓய்வுதான் சரி என்கிறார்கள். நீங்கள் 25 என்கிறீர்கள். யார் சொல்வது சரி?

– எண்களில் நம்பிக்கை உள்ள வாசகர்

மூன்றுக்கும் பிறந்த இடம் வேறு வேறு. 90 நிமிடம் தூக்க ஆய்விலிருந்து வந்தது. தூக்க ஆய்வாளர் நதானியேல் கிளைட்மன், தூக்கத்தில் காணப்படும் அந்தச் சுழற்சி பகலிலும் தொடர்கிறது என்று கருதினார். தூக்கத்துக்கு இருக்கும் அளவுக்குப் பகலுக்குச் சான்று வலுவாக இல்லை. 52-ம் 17-ம் டெஸ்க்டைம் என்ற நேரக் கணக்கு மென்பொருள் நிறுவனம் 2014-இல் தன் பயனர்களில் அதிக உற்பத்தித்திறன் காட்டிய 10 சதவீதத்தினரைப் பார்த்துச் சொன்ன சராசரி. அதே நிறுவனம் 2021-இல் பார்த்தபோது அது 112-ம் 26-ம் ஆகியிருந்தது. ஏழு வருடத்தில் மனித மூளை மாறியிருக்காது, வேலை பார்க்கும் இடமும் விதமும் மாறியிருக்கும். ஆகவே எந்த எண்ணையும் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டாம்.

ஓட்டத்தில் இருக்கும்போது மூன்று மணி நேரம் தெரியாது என்கிறீர்கள், நம்புகிறேன். நேரம் போவது தெரியாத அந்த மூன்று மணியில் பிழை நுழைவது தெரிகிறதா என்பதுதான் என் சந்தேகம். நான் பல காலம் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்தவள். ஒரு கையில் பேனா, மறு கையில் அடிக்கோல், வரி வரியாக மறைத்துக்கொண்டே இறங்குவேன். முதல் சில பக்கங்களில் விடுபட்ட ஒற்றும் தெரியும், கால் போன எழுத்தும் தெரியும். வேகம் பிடித்து, கதையும் சுவாரசியமாகி, ‘நன்றாகப் போகிறது’ என்று தோன்றும் கட்டம் ஒன்று வரும். ஆபத்தே அங்கேதான். ‘அவகர்ள்’ என்று அச்சாகியிருந்தால் கண் அதைக் கூசாமல் ‘அவர்கள்’ என்று படித்துக் கொடுத்துவிடும். பக்கத்துக்குப் பக்கம் பிழையே இல்லை என்று மகிழ்ச்சியாக இருக்கும். எழுந்து போய்விட்டு வந்து அதே பக்கத்தைப் பார்த்தால், அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். தலைப்பு எழுத்துகளில் இன்னும் மோசம், பெரிதாக இருப்பதாலேயே யாரும் படிப்பதில்லை.

இதை நார்மன் மாக்வொர்த் என்ற உளவியல் ஆய்வாளர் 1948-லேயே அளந்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நேரமாக ஆக அடையாளங்களைத் தவறவிட்டார்கள். ஏன் என்று பார்க்க அவர் எண்களே இல்லாத ஒரு கடிகார முகப்பைச் செய்தார். முள் விநாடிக்கு ஒரு படி நகரும், எப்போதாவது ஒருமுறை மட்டும் இரண்டு படி தாவும். தாவியதைக் கண்டால் ஒரு விசையை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்ததில், முதல் அரை மணியிலேயே தவறவிடுவது கூடிவிட்டது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் அரிகா, யெராஸ் இருவரும் 2011-இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். 50 நிமிடச் சலிப்பூட்டும் வேலையின் நடுவே இரண்டே முறை, சில கணங்களுக்கு மட்டும், வேறொரு சின்ன வேலைக்குத் திருப்பப்பட்டவர்களுக்கு அந்தச் சரிவு ஏற்படவில்லை.

உங்கள் தொழிலுக்கு வருவோம். புதிதாக ஒன்றைக் கட்டும்போது 50, 60 நிமிடம் கூட வைத்துக்கொள்ளுங்கள், குறுக்கே நிற்க மாட்டேன். எழுதியதைச் சரிபார்க்கும்போது, அடுத்தவர் நிரலைப் படித்துப் பார்க்கும்போது 25-ஐத் தாண்டாதீர்கள். உருவாக்கும் வேலைக்கும் காவல் காக்கும் வேலைக்கும் ஒரே மணி எப்படிப் பொருந்தும்?

*

பத்து வயது மகனை வீட்டுப்பாடம் செய்ய வைக்க டைமர் பயன்படுத்தலாமா?

– ஒரு தாய்

10 முதல் 15 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். டைமரை அவன் கையால் முறுக்கட்டும். ‘மணி அடிப்பதற்குள் முடிக்காவிட்டால் பார்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அன்றோடு அது போலீஸ்காரன் ஆகிவிடும். மணி அடித்ததும் வாக்கியம் பாதியில் நின்றாலும் அவனை எழுந்து ஓட விடுங்கள். பெரியவர்கள் பேச்சு மாறாமல் இருந்ததைப் பார்த்த பிள்ளை இரண்டாம் சுற்றுக்குத் தானாக வரும். வராத நாளும் உண்டு.

*

ஆராய்ச்சிப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். நேற்று 14 சுற்று முடித்தேன்! நாள்காட்டியில் கட்டம் கட்டமாகச் சிவப்பு மையால் குறித்து வைக்கிறேன். ஆனால் ஆய்வேடு மட்டும் நகர்ந்தபாடில்லை. ஏன்?

– ஆய்வு மாணவர்

14 சுற்று என்றால் 5 மணி 50 நிமிடம். ஆன்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1993-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பெர்லின் இசைக் கல்லூரியின் மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் தனிப்பயிற்சி செய்தார்கள். நாளுக்கு மூன்றரை மணி. நீங்கள் அவர்களையும் மிஞ்சிவிட்டீர்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வருகிறது. அந்த 14-இல் எத்தனை, மேற்கோள் பட்டியலைச் சீர்செய்வதிலும், எழுத்துருவை மாற்றுவதிலும், இன்னொரு கட்டுரையைத் தரவிறக்குவதிலும் போனது?

சுற்றுகளை எண்ணிச் சேர்க்க ஆரம்பித்தால், சுலபமான வேலையாகத் தேடிப் பிடித்துச் சுற்று ஏற்றத் தோன்றும். சிவப்புக் கட்டம் நிறையும், அத்தியாயம் நிறையாது. சிரில்லோ முறையில் எண்ணிக்கைக்கு வேறு வேலை உண்டு. தொடங்கும் முன், இந்த வேலைக்கு எத்தனை சுற்று ஆகும் என்று ஊகித்து எழுத வேண்டும். முடிந்ததும் உண்மையில் எத்தனை ஆனது என்று பக்கத்தில் எழுத வேண்டும். ஊகம் ஐந்து முதல் ஏழு சுற்றைத் தாண்டினால் அந்த வேலையை உடைக்க வேண்டும். ‘மூன்றாம் அத்தியாயம்’ என்று உங்கள் நாள்காட்டியில் எழுதியிருக்கிறதா? அதற்கு 60 சுற்றும் ஆகலாம், 200-ம் ஆகலாம், அதை எழுதி வைத்துப் பயனில்லை. ‘இரண்டாம் அட்டவணைக்கு விளக்கமாக மூன்று பத்தி’ என்று எழுதுங்கள். மின்னஞ்சல், பட்டியல் சரிசெய்வது போன்ற சில்லறை வேலைகளை எல்லாம் சேர்த்து ஒரே சுற்றில் தள்ளுங்கள்.

நாளைக்கு நான்கே சுற்று போதும், நான்கும் எழுதுவதற்கு மட்டும், காலையிலேயே. சிவப்பு மையை ஓரமாக வைத்துவிட்டு, ‘ஊகம்’, ‘உண்மை’ என்று இரண்டு நெடுவரிசைகள் போட்ட தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்தத் தாளை எனக்கு அனுப்பி வையுங்கள். ஊகத்தைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகியிருந்தால் மறைக்க வேண்டாம். உங்கள் வழிகாட்டியிடம் தேதி சொல்லும்போது அந்த மடங்கைப் பெருக்கிச் சொல்லத்தான் அது தேவைப்படும்.